140 வருஷத்து வெள்ளி டாலர் ஏன் புதுசு போல மின்னுகிறது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நியூ ஜெர்சியில் இருக்கும் உங்கள் சித்தப்பா 1881ஆம் வருட அமெரிக்க வெள்ளி டாலர் ஒன்றைக் கொடுத்திருக்கிறார். அது இருந்த அட்டை உறையில் யாரோ பென்சிலால் ‘1881-எஸ், எம்.எஸ். 64’ என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எஸ் என்பது அடித்த இடமான சான் பிரான்சிஸ்கோ நாணயச்சாலையின் அடையாளம், எம்.எஸ். 64 என்பது தரத்தின் எண், அதற்குப் பின்னால் வருகிறேன். நாணயம் நேற்று அடித்தது மாதிரி பளபளக்கிறது. அதைவிட 37 வருஷம் இளைய நாணயமான, பாட்டியின் சுருக்குப்பையில் இருந்த 1918ஆம் வருட ஜார்ஜ் மன்னர் ரூபாயோ மூக்கும் முழியும் தெரியாமல் தேய்ந்து கிடக்கிறது. அப்படியானால் டாலர் போலியா, விளிம்பில் இருக்கும் பழுப்பு நிறத்தைத் தேய்த்து எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நாணயம் பழசாக இருந்தால் தேய்ந்துதான் இருக்க வேண்டும் என்ற எண்ணத்தில்தான் உங்கள் சந்தேகம் நிற்கிறது. அதனால் முதலில் அதற்கு வருகிறேன்.

உலோகம் சும்மா கிடந்தால் தேயாது. விரல், பை, கல்லாப்பெட்டி, மற்ற நாணயங்கள் என்று உரசினால்தான் தேயும். பாட்டியின் ரூபாய் சந்தைக்கும் வட்டிக்கடைக்கும் போய் வந்து உழைத்த காசு. 1881-எஸ் டாலர்களில் பெரும்பாலானவை கடைத்தெருவையே பார்க்காதவை. யாரும் கவனமாகப் பாதுகாத்ததால் அவை பிழைக்கவில்லை. அன்றைக்கு அவற்றை யாரும் பெரிதாக விரும்பவில்லை, அதனால்தான் பிழைத்தன. நாணயச் சேகரிப்பிலும் வியாபாரத்திலும் ரொம்ப வருஷமாக இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், அமெரிக்க நாணயங்களில் இவ்வளவு வேடிக்கையான கதை வேறு எதற்கும் கிடையாது.

உங்களிடம் இருப்பது மார்கன் டாலர். இங்கிலாந்தில் பிறந்து பிலடெல்பியா நாணயச்சாலையில் வேலைக்குச் சேர்ந்த ஜார்ஜ் டி. மார்கன் வடிவமைத்தது. புழக்கத்துக்காக 1878 முதல் 1904 வரையிலும், பிறகு 1921இல் மட்டும் ஒரு முறையும் அடித்தார்கள். இதை அடிக்க ஆரம்பித்த காரணம், நாட்டில் சில்லறைத் தட்டுப்பாடு என்பதல்ல. நெவாடாவின் காம்ஸ்டாக் சுரங்கங்களிலிருந்து வெள்ளி வந்து குவிந்துகொண்டிருந்த காலம் அது. ஜெர்மனி தங்க நாணய முறைக்கு மாறித் தன் வெள்ளியை வெளியே விற்றது. வெள்ளி விலை சரிந்தது. போதாததற்கு, 1873ஆம் வருட நாணயச் சட்டம் பழைய வெள்ளி டாலரையே பட்டியலிலிருந்து எடுத்திருந்தது. சுரங்க முதலாளிகளும், கையில் பணம் நிறையப் புழங்கினால் கடன் சுமை குறையும் என்று நினைத்த விவசாயிகளும் சேர்ந்து நெருக்கினார்கள். 1878 பிப்ரவரியில் பிளாண்ட்–ஆலிசன் சட்டம் வந்தது. ஜனாதிபதி ஹேய்ஸ் அதை மறுத்தார். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அவர் மறுப்பைத் தள்ளிவிட்டு நிறைவேற்றியது. மாதாமாதம் 20 லட்சம் டாலரிலிருந்து 40 லட்சம் டாலர் வரை மதிப்புள்ள வெள்ளியை அரசு வாங்கி நாணயமாக அடித்தே தீர வேண்டும் என்பது சட்டம்.

அடித்தாயிற்று, சரி. யார் வாங்கிக்கொள்வது? ஒரு டாலரின் எடை 26.73 கிராம், குறுக்களவு 38.1 மில்லிமீட்டர். இருபது டாலர் எடுத்துக்கொண்டு போனால் அரை கிலோவுக்கு மேல் சட்டைப்பையில் தொங்கும். கிழக்கு மாநிலங்களில் ஜனங்கள் காகித நோட்டையே விரும்பினார்கள். மேற்கே, கலிபோர்னியா, நெவாடா பக்கம்தான் வெள்ளி டாலர் நன்றாகக் கைமாறியது. அரசும் இதற்கு ஒரு வழி வைத்திருந்தது. வெள்ளி டாலரைக் கஜானாவில் வைத்துவிட்டு, அதற்குப் பதிலாக ‘சில்வர் சர்ட்டிஃபிகேட்’ என்ற நோட்டை வெளியிட்டது. நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தால் டாலர் கிடைக்கும். ஆனால் கேட்டு வந்தவர்கள் குறைவு. நோட்டு ஊரெல்லாம் சுற்றியது, நாணயமோ ஆயிரம் ஆயிரமாகக் கித்தான் பையில் கட்டப்பட்டுப் பெட்டகத்தில் கிடந்தது. ஒரு பை கிட்டத்தட்ட 27 கிலோ. அப்படிப் பல கோடி டாலர்கள், அச்சிலிருந்து விழுந்த கையோடு பைக்குள் போய், அங்கேயே பல பத்தாண்டுகள் இருந்தன.

இதில் நம் ஊரோடு ஒரு தொடர்பு உண்டு, உங்கள் கேள்வியிலேயே அது ஒளிந்திருக்கிறது. முதல் உலகப் போரின்போது பிரிட்டிஷ் இந்தியாவில் காகித ரூபாயைக் கொடுத்து வெள்ளி ரூபாய் கேட்பவர்கள் கூட்டம் அதிகமாகி, அரசின் வெள்ளிக் கையிருப்பு ஆபத்தான அளவுக்குக் குறைந்தது. நோட்டுக்கு வெள்ளி இல்லை என்ற பேச்சு பரவினால் என்ன ஆகும் என்று லண்டன் பயந்தது. அமெரிக்காவிடம் உதவி கேட்டார்கள். 1918 ஏப்ரலில் பிட்மன் சட்டம் வந்தது. அதன்படி 27 கோடியே 2 லட்சத்துச் சொச்சம் வெள்ளி டாலர்களை உருக்கினார்கள். அதில் சுமார் 26 கோடி டாலரின் வெள்ளி பிரிட்டனுக்கு விற்கப்பட்டு இந்தியாவுக்கு வந்தது. அதுவரை அடித்திருந்த மார்கன் டாலர்களில் ஏறக்குறைய பாதி அளவு இது! பம்பாய், கல்கத்தா நாணயச்சாலைகளில் அந்த வெள்ளி ரூபாயாக மாறியது. உங்கள் பாட்டியின் 1918 ரூபாய்க்குள்ளும் கொஞ்சம் மார்கன் டாலர் கலந்திருக்கலாம். ஒரு குறிப்பிட்ட ரூபாயைக் காட்டி இது அந்த வெள்ளிதான் என்று நிரூபிக்க வழியில்லை. ஆனால் அந்தச் சில வருஷத்து ரூபாய்களைப் பற்றிப் பொதுவாக அப்படிச் சொல்வதில் தப்பில்லை. உருக்கிய டாலருக்கு ஈடாக உள்நாட்டு வெள்ளியை வாங்கித் திரும்ப அடிக்க வேண்டும் என்று அதே சட்டம் சொன்னதால்தான், 17 வருஷ இடைவெளிக்குப் பிறகு 1921இல் மார்கன் டாலர் மறுபடி வந்தது.

உருக்கியபோது எந்த வருஷத்து நாணயம், எந்த நாணயச்சாலையுடையது என்று யாரும் கணக்கு எழுதி வைக்கவில்லை. பை பையாகத் தூக்கி உலையில் போட்டார்கள், அவ்வளவுதான். அதனால் ‘இத்தனை அடித்தார்கள்’ என்ற பழைய பதிவை வைத்து ‘இத்தனை மிச்சம்’ என்று சொல்லவே முடியாது. புதிதாகச் சேகரிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். சான் பிரான்சிஸ்கோவில் 1884இல் 32 லட்சம் டாலர் அடித்தார்கள். அதே வருஷம் நெவாடாவின் கார்சன் சிட்டி நாணயச்சாலையில் 11 லட்சத்து 36 ஆயிரம்தான். குறைவாக அடித்ததுதானே அரியது என்று தோன்றும். நடந்தது தலைகீழ். 1884-எஸ் கடைத்தெருவுக்குப் போய்விட்டது. தேய்ந்த நிலையில் சாதாரணமாகக் கிடைக்கும், தேயாத ஒன்றைக் கண்ணில் பார்ப்பதே பெரிய விஷயம், விலையும் அப்படித்தான். கார்சன் சிட்டியின் 1884-சிசியிலோ 9 லட்சத்து 62 ஆயிரத்துக்கும் மேல், அதாவது நூற்றுக்கு 84 பங்கு, 1970களில் அரசுப் பெட்டகத்திலேயே புத்தம் புதுசாக இருந்தது. பிலடெல்பியாவின் 1901 இன்னொரு உதாரணம். கிட்டத்தட்ட 70 லட்சம் அடித்தும், நல்ல தரத்தில் தேடினால் அகப்படுவதில்லை. உங்கள் 1881-எஸ் இதற்கு எதிர்ப்பக்கம். 1 கோடியே 27 லட்சத்து 60 ஆயிரம் அடித்தார்கள், பெரும்பகுதி பையிலேயே தங்கியது, உலைக்கும் அதிகம் போகவில்லை என்றுதான் மிச்சத்தைப் பார்த்தால் ஊகிக்க வேண்டியிருக்கிறது. உயர்ந்த தரத்தில் மிக எளிதாகக் கிடைக்கும் மார்கன் டாலர்களில் அது ஒன்று.

பெட்டகத்துக்குள் என்ன இருந்தது என்பது சேகரிப்பாளர்களுக்கே தெரியாமல் இருந்த காலமும் உண்டு. நியூ ஆர்லியன்ஸில் அடித்த 1903-ஓ டாலர் உருகிப்போய்விட்டது என்றே எல்லோரும் நம்பினார்கள். 1962இல் விலைப்பட்டியலில் தேயாத ஒன்றுக்கு 1,500 டாலர் போட்டிருந்தது. அந்த வருஷக் கடைசியில், 1929 முதல் முத்திரை வைத்திருந்த ஒரு பெட்டக அறையைப் பிலடெல்பியா நாணயச்சாலையில் திறந்து, வங்கிகளுக்குப் பைகளை அனுப்ப ஆரம்பித்தார்கள். அவிழ்த்துப் பார்த்தால் 1903-ஓ, 1898-ஓ, 1904-ஓ. பை பையாக! 1,500 டாலர் நாணயம் கொஞ்ச நாளில் சில பத்து டாலருக்கு வந்தது. முந்தின வருஷம் ஆசைப்பட்டு வாங்கியவர்கள் நிலைமையை யோசித்துப் பாருங்கள். செய்தி பரவியதும் ஜனங்கள் சில்வர் சர்ட்டிஃபிகேட்டைத் தூக்கிக்கொண்டு கஜானா வாசலில் வரிசை கட்டினார்கள். 1964 மார்ச்சில் டாலர் கொடுப்பதையே அரசு நிறுத்திவிட்டது. கையிருப்பை எண்ணினால் சுமார் 29 லட்சம் நாணயம் பாக்கி, பெரும்பாலும் கார்சன் சிட்டி. அவற்றை ஜி.எஸ்.ஏ. என்ற அரசு நிறுவனம் 1972 முதல் 1974 வரையிலும், மிச்சத்தை 1980இலும் கெட்டியான பிளாஸ்டிக் பெட்டியில் வைத்துத் தபால் மூலம் விற்றது. இன்றைக்கும் அந்தப் பெட்டியோடு வரும் நாணயத்துக்குத் தனி மவுசு.

தனியார் குவியலும் உண்டு. நெவாடாவின் ரீனோவில் லாவேர் ரெட்ஃபீல்டு என்று ஒரு பணக்காரர். வங்கியையும் நம்பமாட்டார், அரசையும் நம்பமாட்டார். 1974இல் அவர் இறந்த பிறகு வீட்டிலிருந்து எடுத்த வெள்ளி டாலர்கள் நான்கு லட்சத்துக்கும் மேல். 1976 ஜனவரியில் மொத்தமாக 73 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. இந்த மாதிரிக் குவியல்கள் ஒன்றிரண்டு வெளிவந்ததுமே சில வருஷத்து நாணயங்களின் கதை மாறிவிட்டது. இனியும் அப்படி ஒன்று வெளியே வருமா? பெரிய அளவில் வராது என்பது என் அபிப்பிராயம், ஆனால் 1961இல் இருந்தவர்களும் இதையேதான் சொல்லியிருப்பார்கள்.

இப்போது உங்கள் உறையில் இருக்கும் 64க்கு வருகிறேன். 1949இல் வில்லியம் ஷெல்டன் என்ற சேகரிப்பாளர் அமெரிக்கப் பழைய சென்ட் காசுகளுக்காக உருவாக்கிய 1 முதல் 70 வரையிலான அளவுகோல்தான் பிறகு எல்லா நாணயத்துக்கும் வந்தது. 60உம் அதற்கு மேலும் என்றால் தேய்மானமே இல்லை என்று பொருள். எம்.எஸ். என்பது மின்ட் ஸ்டேட், அதாவது நாணயச்சாலையை விட்டு வந்த நிலை. தேயாதவை எல்லாம் ஒரே தரம் என்று நினைக்காதீர்கள். 27 கிலோ பைக்குள் ஆயிரம் நாணயம் ஒன்றின் மேல் ஒன்று உருண்டிருக்கிறது. பையைத் தூக்கி எறிந்திருக்கிறார்கள், ஒவ்வொரு தணிக்கைக்கும் நகர்த்தியிருக்கிறார்கள். ஒரு பூதக்கண்ணாடி வைத்து, முன்பக்கத்தில் இருக்கும் பெண் உருவமான லிபர்ட்டியின் கன்னத்தைப் பாருங்கள். சின்னச் சின்ன வெட்டுகள் இருக்கும். சில இடத்தில் சீப்புப் பல் பதிந்த மாதிரி வரிசையாக நாலைந்து கோடு தெரியும். அது பக்கத்து நாணயத்தின் விளிம்பு இடித்த தடம். இதற்குப் பேர் பேக் மார்க். கன்னம் பெரிய வெற்றிடம் என்பதால் அங்கே விழும் அடிதான் தரத்தை அதிகம் குறைக்கும். முடிக்கற்றைக்குள் அதே அடி விழுந்தால் கண்ணுக்கே படாது. ஆகவே, பைக்குள் இருந்ததால் தேயவில்லை, அதே பைக்குள் இருந்ததால் அடியும் பட்டது. 60க்கும் 67க்கும் நடுவில் இருக்கும் வித்தியாசத்தில் பெரும்பங்கு இந்த அதிர்ஷ்டம்தான்.

மீதியில் நாணயச்சாலைக்குப் பங்கு உண்டு. 1879 முதல் 1882 வரை சான் பிரான்சிஸ்கோ அடித்த டாலர்கள் அழுத்தமும் கூர்மையும் கொண்டவை, பின்பக்கத்துக் கழுகின் மார்பு இறகு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். நியூ ஆர்லியன்ஸ் டாலர்கள் பலவற்றில் காதுக்கு மேலே முடியும் கழுகின் மார்பும் மழுங்கலாகவே இருக்கும். ஒரு நாள்கூடப் புழங்காத நாணயம் தேய்ந்தது போலத் தெரியும். பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஒரே ஒரு விளக்கின் கீழே நாணயத்தை மெதுவாகச் சாய்த்துச் சுற்றுங்கள். அச்சு அழுத்தும்போது வெள்ளி நடுவிலிருந்து விளிம்பை நோக்கி வழிந்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கோடுகளை விட்டுச் செல்கிறது. அந்தக் கோடுகளில் ஒளி பட்டால் வண்டிச்சக்கரத்தின் ஆரக்கால் சுழல்வது போல ஒரு பட்டை சுற்றி வரும். காதுக்கு மேலே மழுங்கிய இடத்திலும் அந்தப் பட்டை அறுபடாமல் ஓடினால், அங்கே அச்சுதான் சரியாகப் பதியவில்லை. பட்டை அங்கே அணைந்து சாம்பல் நிறமானால், தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

பழைய டாலர் எல்லாமே இப்படிப் பிழைத்ததாக எண்ணிவிட வேண்டாம். 1873இல் தொடங்கிய டிரேடு டாலர் சீன வியாபாரத்துக்காகவே அடித்தது. கான்டன் பக்கத்துச் சீன வியாபாரிகள் வெள்ளியைச் சோதித்துவிட்டுத் தங்கள் முத்திரையைக் குத்தினார்கள், அதனால் முகமெல்லாம் குத்துப்பட்டவை இன்றைக்கு ஏராளம். அதற்கும் முந்திய, லிபர்ட்டி உட்கார்ந்திருக்கும் டாலர்கள் குறைவாக அடிக்கப்பட்டு, நிறைய ஏற்றுமதியாகி உருகின. அவற்றுக்குப் பின்னால் கித்தான் பைகளின் மலை இல்லை. உயர்ந்த தரத்தில் ஒன்று கிடைத்தால், அது பெரும்பாலும் யாரோ ஒரு தனிமனிதர் எடுத்து வைத்ததாக இருக்கும். உங்கள் டாலர் பளபளப்பது சந்தேகத்துக்கு இடமில்லாத சாதாரண விஷயம். 1859 டாலர் ஒன்று அப்படிப் பளபளத்தால் நானே இரண்டு முறை யோசிப்பேன்.

சரி, உங்கள் நாணயம் அசலா? மின்னுகிறது என்பதற்காகப் போலி என்று சொல்ல முடியாது, அது உறுதி. அசல் என்று போட்டோவைப் பார்த்து நான் சொன்னால் அதை நம்பாதீர்கள். இணையத்தில் விற்கும் போலி மார்கன் டாலர்கள் நிறைய, படத்தில் சில நன்றாகவே இருக்கும். தெரிந்த நகைக்கடையில் எடை போடுங்கள். 26.73 கிராமிலிருந்து, தேயாத நாணயம் கிராமில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் விலகக்கூடாது. காந்தம் ஒட்டக்கூடாது. தராசில் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கிவிட்டு, நாணயத்தை நூலில் கட்டி அடி தொடாமல் முழுக வைத்தால் 2.6 கிராம் சுமார் காட்ட வேண்டும். 90 பங்கு வெள்ளி, 10 பங்கு செம்பு என்ற கலவைக்கு அதுதான் கணக்கு. பின்பக்கம், மாலையின் முடிச்சுக்குக் கீழே ‘எஸ்’ எழுத்து இருக்கிறதா என்றும் பாருங்கள். இதெல்லாம் தேறினால் பெரும்பாலும் அசல்தான். பெரும்பாலும் என்றுதான் சொல்ல முடியும், ஏனென்றால் சரியான வெள்ளியிலேயே அடித்த போலிகளும் இருக்கின்றன. 64 என்பதை மட்டும் மறந்துவிடுங்கள். பென்சிலால் எழுதிய எண் விற்றவருடைய ஆசை, அவ்வளவே. பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. போன்ற தரச்சான்று நிறுவனங்களில் கூட, 64க்கும் 65க்கும் நடுவில் இருக்கும் நாணயம் ஒருமுறை இப்படியும் மறுமுறை அப்படியும் வருவதுண்டு. மனிதக் கண் பார்த்துச் சொல்கிற தீர்ப்புதானே.

விளிம்பில் இருக்கும் பழுப்பைத் தொடாதீர்கள். பையின் துணியிலும் காற்றிலும் இருந்த கந்தகம் வெள்ளியோடு சேர்ந்ததால் வந்த நிறம் அது. பையில் ஒரு நாணயம் இன்னொன்றை மறைத்திருந்தால், மறைந்த பகுதி வெள்ளையாகவும் திறந்த பகுதி பிறை வடிவில் நீலம், மஞ்சள், செந்நிறமாகவும் மாறியிருக்கும். துணியின் நெசவே பதிந்தவைகூட உண்டு. அதற்காகவே கூடுதல் விலை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். குத்துவிளக்குக்கும் வெள்ளித் தட்டுக்கும் போடுகிற விபூதி, புளி, பற்பசை எதுவும் இதன் பக்கம் வரக்கூடாது. நான் மேலே சொன்ன அந்த மெல்லிய கோடுகள் ஒரே தேய்ப்பில் போய்விடும். பிறகு நாணயம் பளபளக்கும், ஆனால் பட்டை சுழலாது, தெரிந்தவர் எவரும் அதை மின்ட் ஸ்டேட் என்று வாங்கமாட்டார். தண்ணீர்ச் சோதனைக்குக் காய்ச்சி வடித்த தண்ணீர் எடுங்கள், எடுத்ததும் துடைக்காமல் மெல்லிய துணியில் ஒற்றி எடுங்கள். பிடிக்கும்போது விளிம்பை மட்டும் பிடியுங்கள். பி.வி.சி. என்ற பிளாஸ்டிக் கலந்த வழவழப்பான உறையில் இருந்தால் மாற்றிவிடுங்கள், வருஷங்கள் போனால் பச்சையாகப் பிசுபிசுக்கும். 1881-எஸ் எளிதில் கிடைக்கும் நாணயம் என்பதால், அமெரிக்காவுக்கு அனுப்பித் தரச்சான்று வாங்கும் செலவு கட்டுப்படியாவது சந்தேகம். கன்னம் கிட்டத்தட்ட அடியில்லாமல் சுத்தமாக இருந்தால் மட்டும் சித்தப்பா அடுத்த முறை வரும்போது அவரிடமே கொடுத்து அனுப்பலாம்.